100 கொடுத்தால் பிங் 200 காட்டுவது ஏன்?

கேள்வி: நான் எழுதிவரும் செயலியும் அதன் சர்வரும் ஒரே லினக்ஸ் கணினியில் இயங்கும்போது விரைவாகவே இருக்கின்றன. தொலைவிலுள்ள பயனர்களோ மந்தமாக இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்தத் தாமதத்தைக் கட்டளை வரியிலிருந்து உண்டாக்க, கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக் இடைமுகத்தில் 100 மில்லி விநாடி கொடுத்தேன். பாக்கெட் போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளை 200 காட்டுகிறது. எங்கே பிசகு?

பதில்: பிசகு எதுவும் இல்லை. நீங்கள் பயன்படுத்தியிருப்பது நெட்வொர்க் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் 'டிசி' கட்டளையும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள 'நெட்எம்' என்னும் வரிசை முறையுமாகத்தான் இருக்க வேண்டும். நெட்எம், ஓர் இடைமுகத்திலிருந்து வெளியேறும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை மட்டுமே பிடித்து வைக்கிறது. லூப்பேக்கில் பிங்கின் கோரிக்கையும் அதற்கான பதிலும் அதே இடைமுகத்தின் வழியாகவே வெளியேறுவதால் தாமதம் இரண்டு முறை சேர்கிறது; போய்வர 100 வேண்டுமென்றால் 50 கொடுங்கள். வேறொரு கணினியோடு பேசும் ஈதர்நெட் இடைமுகத்தில் வைத்தால் ஒரு முறைதான் சேரும். உள்ளே வருபவற்றையும் தாமதப்படுத்த விரும்பினால், அவற்றை 'ஐஎஃப்பி' என்னும் மெய்நிகர் இடைமுகத்துக்குத் திருப்பிவிட்டு, அங்கே நெட்எம்மை வைக்க வேண்டும்.

எவ்வளவு தாமதம் கொடுப்பது என்பதைத் தொலைவே பெரும்பாலும் சொல்லிவிடும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், 10,000 கிலோமீட்டர் நீள இழையில் போய்வர மட்டுமே 100 மில்லி விநாடி ஆகிவிடும். இடைப்பட்ட ரூட்டர்களின் நேரம் அதற்கு மேல்.

பலரும் கவனிக்காத ஒன்று, நெட்எம்மின் வரிசை இயல்பாக 1,000 பாக்கெட்டுகளை மட்டுமே தாங்கும் என்பது. 1,500 பைட் பாக்கெட்டுகளை 100 மில்லி விநாடி நிறுத்தி வைத்தால், விநாடிக்கு 120 மெகாபிட்டைத் தாண்டும்போது வரிசை நிரம்பி, மிஞ்சியவை கைவிடப்படுகின்றன. தாமதத்தை அளப்பதாக எண்ணிக்கொண்டு பாக்கெட் இழப்பை அளந்துகொண்டிருப்பீர்கள்; எனவே பெரிய கோப்புகளைச் சோதிக்கும்போது 'லிமிட்' மதிப்பை உயர்த்துங்கள். தாமதத்தின் பின்னால் 20 மில்லி விநாடி ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால், பின்னால் வந்த பாக்கெட் முந்திச் செல்லக்கூடும். பாக்கெட்டுகள் ஒழுங்காகச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி நெறிமுறை அதையும் இழப்பென்று கருத இடமுண்டு. ஆகவே முதலில் மாறாத தாமதத்தோடு சோதிப்பதே நல்லது.

சோதனை முடிந்ததும் 'டிசி கியூடிஸ்க் டெல் டெவ்' என்பதோடு இடைமுகத்தின் பெயரையும் 'ரூட்' என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் அமைப்பு நீங்கிவிடும். தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்திருக்கும் கணினியில், அந்த இணைப்பு செல்லும் இடைமுகத்திலேயே பெரும் தாமதத்தையோ இழப்பையோ வைத்துவிடாதீர்கள். அதை நீக்கும் கட்டளையைத் தட்டக்கூட வழியில்லாமல் போகலாம்.