மான்கொம்புப் பெரணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாரத்திற்கு எத்தனை முறை தண்ணீர் விட வேண்டும்?

எண்ணிக்கையைக் கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இதையே எழுதுகிறேன்: செடியைக் கட்டியிருக்கும் பலகையைக் கையில் தூக்கிப் பாருங்கள். நனைத்த அன்று இருந்த கனம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, வேரைச் சுற்றி வைத்த பாசியும் தொட்டுப் பார்த்தால் உலர்ந்திருந்தால், வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, நீர் முழுவதும் வடிந்த பிறகு மாட்டுங்கள். கோடையில் வாரம் ஒரு முறை, குளிர் காலத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை என்பது தோராயம்தான். இந்தச் செடி வாடுவதை விட அழுகுவதே அதிகம்.

இலைகளின் மேல் வெள்ளைப் பொடி படிகிறது. ஈரத் துணியால் துடைத்து வருகிறேன். சரிதானே?

சரியல்ல, இன்றே நிறுத்துங்கள். அது தூசியோ பூஞ்சையோ அன்று. நீர் இழப்பைக் குறைக்கும் நுண்ணிய முடிகள். துடைத்த இலையில் அவை மீண்டும் முளைப்பதில்லை.

பலகையை ஒட்டியிருந்த வட்ட இலைகள் பழுத்துக் காய்ந்துவிட்டதால் அவற்றைப் பிய்த்து எடுத்தேன். அதன் பிறகு செடி தளர்ந்து ஆடுகிறது. ஏன்?

நீங்கள் பிய்த்தது குப்பையை அன்று, செடியின் பிடிமானத்தை. இந்தப் பெரணிக்கு இரு வகை இலைகள் உண்டு. நீண்டு கிளைக்கும் கொம்பு இலைகளை எல்லோரும் ரசிக்கிறார்கள். அடியில் கவிந்து படரும் கேடய இலைகளை ஏனோ ஒருவரும் மதிப்பதில்லை. கேடய இலை பச்சையாகத் தோன்றி, முழு அளவை எட்டிய பின் பழுப்பு நிறமாகிக் காகிதம் போல் உலர்வதே இயல்பு. உலர்ந்தும் அது உதிராது. அதன் மேல் அடுத்த கேடய இலை படரும், அதன் மேல் இன்னொன்று. ஒரு முதிர்ந்த செடியின் ஓரத்தை விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தால், அடுக்கடுக்கான பழைய இலைகளுக்கிடையே வேர்கள் ஊடுருவியிருப்பதைக் காணலாம். மரத்தில் தொற்றி வாழும் இந்தச் செடிக்குத் தரையும் மண்ணும் கிடையாது. ஈரத்தைத் தேக்குவதும், மட்கி உரமாவதும், வேரைக் காப்பதும் இந்த அடுக்குகள்தாம். சூப்பர்பம், கிராண்டே போன்ற பெரிய வகைகளில் கேடய இலையின் மேல் விளிம்பு விரிந்து நின்று, மேலிருந்து விழும் சருகுகளையும் சேர்த்து வைக்கிறது.

இவ்வளவு தெளிவான அமைப்பை, பார்வைக்கு அழகாக இல்லை என்ற ஒரே காரணத்திற்காக, விற்பவர்களே "சுத்தம் செய்து" அனுப்புவது எனக்குத் தீராத வருத்தம். அப்படி வந்த செடி மீண்டும் நிலைகொள்ளப் பல மாதங்களாகும். புதிய கேடய இலை வரும் வரை வேர்ப் பகுதியின் மேல் ஈரமான ஸ்ஃபாக்னம் பாசியை வைத்து, தூண்டில் நரம்பால் சுற்றிக் கட்டுங்கள். நடுவிலுள்ள வளர்முனையை மட்டும் மூடாதீர்கள். காய்ந்த பழுப்பு நிறம் இயல்பு. ஈரமாக, மெதுமெதுப்பாக, நாளுக்கு நாள் பரவும் கறுப்பு நிறம் அழுகல். இரண்டாவதைக் கண்டால் தண்ணீரைக் குறைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

கொம்பு இலைகளின் நுனியில், அடிப்பக்கம் முழுவதும் பழுப்புத் திட்டுகள். பூஞ்சைக்கொல்லி தெளித்தேன், போகவில்லை.

போகாது, அவை வித்துத்துகள்கள். செடி முதிர்ந்து நலமாக இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. மருந்து தெளித்த பிறகு கேட்பதை விட, கேட்ட பிறகு தெளிப்பது செடிக்கு நல்லது.

என் செடி ஏன் குட்டி போடவில்லை?

எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. மான்கொம்புப் பெரணிகளின் பேரினமான பிளாட்டிசீரியத்தில் சுமார் 18 வகைகள் உள்ளன. வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் பைஃபர்கேட்டம் தாராளமாகக் குட்டி, அதாவது பக்கக் கன்று, விடும். சூப்பர்பம் தனித்தே வளரும், எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாலும் வித்துத்துகள் வழியாகத்தான் பெருகும். குட்டி இருந்தால், அது சுமார் 10 செ.மீ. அளவு வளர்ந்து தனக்கென ஒரு கேடய இலை விட்ட பிறகு, வேருடன் அறுத்தெடுங்கள்.

சன்னலில்லாத குளியலறையில் ஈரப்பதம் நிறைய இருக்கிறது. அங்கே மாட்டலாமா?

கூடாது. ஈரப்பதம் வெளிச்சத்திற்கு ஈடாகாது. நண்பகல் வெயில் நேரடியாகப் படாத, ஆனால் பகல் முழுவதும் நல்ல வெளிச்சம் வரும் சன்னலுக்கு அருகில் மாட்டுங்கள்.

வாழைப்பழத் தோலைக் கேடய இலைக்குப் பின்னால் செருகலாமா?

எறும்பும் கொசு போன்ற சிறு ஈக்களும் வரும். இலை வளர்ச்சிக்கு வேண்டிய நைட்ரஜன் அதில் மிகக் குறைவு. வளரும் பருவத்தில் மாதம் ஒரு முறை, திரவ உரத்தைக் குறிப்பிட்ட அளவில் பாதிக்கும் குறைவாகக் கரைத்துக் கொடுத்தால் போதும்.

செதில் பூச்சிக்கு எண்ணெய்க் கரைசல் தெளிக்கலாமா?

வேண்டாம். மீண்டும் அதே முடிகள்தாம் காரணம்: எண்ணெய் அவற்றில் ஒட்டி இலையைக் கெடுக்கும். பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, பூச்சியின் மேல் மட்டும் ஒற்றி எடுங்கள். வாரம் ஒரு முறை, புதிய பூச்சிகள் தென்படுவது நிற்கும் வரை.

செடி பலகையை விடப் பெரிதாகிவிட்டது. பிரித்து வேறு பலகையில் கட்டலாமா?

பிரிக்கவே வேண்டாம். பழைய பலகையை அப்படியே பெரிய பலகையின் மேல் துருப்பிடிக்காத திருகாணிகளால் பொருத்தி, இடைவெளியில் பாசியை நிரப்புங்கள். ஓரிரு ஆண்டுகளில் கேடய இலைகள் பழைய பலகையை மூடிவிடும். செம்புக் கம்பியால் கட்டாதீர்கள், செம்பு பெரணிகளுக்கு ஆகாது. நனைந்த பிறகு எடை பெரிதும் கூடும் என்பதால், சுவர்க் கொக்கியை ஈரமான கனத்துக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள்.