எடை போடறதுக்குள்ள காணாமப் போற குவார்க்

கேள்வி: டாப் குவார்க்ங்கற அடிப்படைத் துகள் பொறந்த உடனே செத்துடுதாமே, அப்புறம் அதோட நிறை இவ்வளவு, இத்தனை உருவாச்சுன்னு எதை வச்சு சார் சொல்றாங்க? அடிச்சு விடறாங்களா?

பதில்: அடிச்சு விடலீங்க. அது இருக்கறதே புள்ளிக்கு அப்புறம் 24 சைபர் போட்டு ஒரு 5, அவ்வளவு நொடிதான், அதனால புரோட்டான் கற்றைகளை மோதவிடற எல்ஹெச்சி எந்திரத்துல இருக்கற டிடெக்டர் டாப்பை நேரா பாக்கறதே இல்ல. அது W போசானாவும் பாட்டம் குவார்க்காவும் உடையும், அதுங்க மறுபடி உடைஞ்சு சிதறும், அந்தச் சிதறலோட ஆற்றலையும் உந்தத்தையும் கூட்டிப் பாத்தா தாய்த் துகளோட நிறை வந்துடும். நடுவுல நியூட்ரினோங்கற துகள் டிடெக்டர்ல சிக்காம நைசா கழண்டுக்கும், உந்தக் கணக்குல எங்க குறையுதுன்னு பாத்து அதையும் ஊகிப்பாங்க. ஒரே ஒரு மோதலை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, லட்சக்கணக்குல சேத்து கிராஃப் போட்டாதான் அந்த நிறை இருக்கற இடத்துல மேடு தெரியும். அங்க இருக்கற ரெண்டு பெரிய டிடெக்டர் குழு, அட்லஸும் சிஎம்எஸ்ஸும், முதல் ரன் (எந்திரத்தோட முதல் கட்ட ஓட்டம்) டேட்டாவை சேத்துப் போட்டு 172.52 ஜிஇவி (துகளோட நிறையைச் சொல்ற அலகு), பிழை 0.33னு சொன்னாங்க. ஒரு முழு டங்ஸ்டன் அணுவோட எடைங்க அது!

எத்தனைங்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கிடைச்சதை எண்ணி, டாப் மாதிரி வேஷம் போட்டு வந்த மத்ததைக் கழிச்சு, டிடெக்டர் தவறவிட்டதைக் கூட்டி, கடைசில லூமினாசிட்டியால வகுக்கணும். இந்த லூமினாசிட்டி, அதாவது ரெண்டு கற்றையும் எவ்வளவு நெருக்கமா மோதுச்சுங்கறது, அதை அளக்கத்தான் சைமன் வான் டெர் மீர் 1968ல ஒரு வழி சொன்னார்: கற்றையை கொஞ்சம் கொஞ்சமா பக்கவாட்டுல நகத்து, மோதல் எப்படி குறையுதுன்னு பாரு, கற்றையோட அகலம் தானா தெரிஞ்சுடும். அவ்வளவு சிம்பிள், இன்னைக்கும் அதேதான் பண்றாங்க! ரெண்டாவது ரன்ல அட்லஸ் இதை 1 சதவீதத்துக்கும் கம்மியான பிழையில அளந்துச்சு. 13 டிஇவி மோதல் ஆற்றல்ல டாப் ஜோடிக்கு சுமார் 830 பிகோபார்ன் (உருவாகற வாய்ப்பை அளக்கற அலகு) வருது, அதாவது கிட்டத்தட்ட 10 கோடி மோதலுக்கு ஒரு ஜோடி.

இன்னொரு கூத்து, நிறை கூடக்கூட உற்பத்தி குறையும்னு தியரி சொல்லுது, அதனால எண்ணிக்கையை அளந்தே நிறையைக் கண்டுபிடிக்கலாம். பிழை கொஞ்சம் பெருசா வரும்தான், ஆனா சிமுலேஷன்ல போடற நிறையும் தியரி சொல்ற நிறையும் ஒண்ணுதானாங்கற பழைய சண்டைல இந்த வழி அவ்வளவா மாட்டாது.