தண்டவாளத்தில் கிடந்த தம்பி: முதலில் ஏ.டி.ஆர். (விபத்துச் சாவு அறிக்கை) நகலை வாங்குங்கள்

அக்கா, மாதுங்கா பக்கம் தண்டவாளத்தில் தம்பி கிடந்தான், விபத்து என்று கோப்பை மூடிவிட்டார்கள், காயத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தாராவி போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்ததெல்லாம் வீண் அலைச்சல், மும்பையில் தண்டவாளச் சாவு ரயில்வே போலீஸ் கையில்தான் இருக்கும். அங்கே ஏ.டி.ஆர். எண்ணை வாங்கி, பஞ்சநாமா (சாட்சிகளை வைத்துப் போலீஸ் எழுதும் பதிவு), போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, உள்ளுறுப்புகளைக் கலினா தடயவியல் கூடத்துக்கு அனுப்பியிருந்தால் அதன் முடிவு, எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். இழுத்தடித்தால் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட) மனு போடுங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும்.

எங்கள் அண்ணன் விஷயத்தில் அம்மா ஒரு வருஷம் வாய்ப்பேச்சையே நம்பி உட்கார்ந்திருந்தாள், கையில் துண்டுச் சீட்டுகூட இல்லை.

காயம் சாவுக்கு முன்னா பின்னா என்று அறிக்கையில் இருக்கிறதா பாருங்கள், அந்த வரியை வெளியே ஒரு தடயவியல் டாக்டரிடம் காட்டுங்கள். சந்தேகம் உறுதியானால் எழுத்தில் புகார், எஃப்.ஐ.ஆர். போடவில்லையென்றால் மேலதிகாரிக்குத் தபால், அப்புறம் மாஜிஸ்திரேட் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 156(3), இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 175(3)). கொலைக்குக் காலவரம்பு கிடையாது. பஞ்சநாமா மராத்தியில் கையெழுத்தாக இருந்தால், படிக்கத் தெரிந்த ஆளையும் கூட்டிப்போங்கள்.