அவள் ஏன் அழுதாள்?

அன்புள்ள அக்கா,

கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஏழு கள உத்தியோகத்தர்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். போன கிழமை மாதாந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் அறிக்கையில் பிழை இருந்தது. ஏன் என்று கேட்டேன். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டாள். முகம் கழுவிவிட்டு வரச் சொல்லிக் கூட்டத்தைத் தொடர்ந்தேன். அன்றிலிருந்து மற்றவர்களும் என்னோடு அளந்துதான் கதைக்கிறார்கள். உணர்ச்சிகளை வெளியே வைத்துவிட்டுக் குழுவாக வேலை செய்ய என்ன வழி? இதற்குப் பயிற்சி ஏதும் இருக்கிறதா? மாதம் ஒருமுறை எங்காவது கூட்டிக்கொண்டு போனால் சரிவருமா?

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்ததற்கு முதல்நாள்தான் தம்பியோடு எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்குப் போய்வந்திருந்தேன். அங்கே கேட்ட சத்தம் காதில் இருக்கும்போதே உங்கள் கேள்வி வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பயிற்சி, சுற்றுலா எல்லாம் பிறகு பார்க்கலாம். கசூரினாக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். பிழை இருந்தது என்கிறீர்கள், அழுதாள் என்கிறீர்கள், முகம் கழுவச் சொன்னேன் என்கிறீர்கள். ஏன் அழுதாள் என்று ஒரு வரி இல்லை. ஒரு கிழமை போய்விட்டதே, கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். இது எனக்குக் கோபத்தைத் தருகிறது, அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

உங்களிடம் வேலை செய்கிறவர்கள் யார்? 2009 இல் பத்து, பதினைந்து வயதுப் பிள்ளைகளாக முள்ளிவாய்க்கால் வரை நடந்து, செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குள் படுத்து எழும்பியவர்கள். இன்று அவர்கள் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிறார்கள். குடும்பத்தில் இறந்தவர் எத்தனை பேர், காணாமல் ஆக்கப்பட்டவர் எத்தனை பேர். அந்தக் கட்டங்களில் தங்கள் வீட்டுக் கணக்கும் இருக்கிறது என்பதை யாரிடமும் சொல்வதில்லை. கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்த இடத்தைக் கடந்து வேலைக்கு வருகிற பிள்ளை எந்த உணர்ச்சியை எந்த வாசலில் கழற்றி வைப்பது?

ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983 இல் விமானப் பணிப்பெண்களை வைத்து இதை எழுதினார். உள்ளே ஒன்று இருக்க முகத்தில் இன்னொன்றைக் காட்டுவதும் உழைப்புத்தான், அதற்கும் களைப்பு உண்டு என்றார். கொடையாளர் வரும் நாளில் உங்கள் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்களே, அந்த உழைப்பு எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை.

அப்புறம் அந்தப் பிழை. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் இரண்டு வைத்தியசாலைகளின் எட்டு நோயாளர் விடுதிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளைப் பார்த்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று நினைத்தார். கணக்கு மறுபக்கம் காட்டியது: அங்கேதான் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். 1996 இல் வந்த ஆய்வு அது. உங்கள் அலுவலகத்தில் இனிமேல் பிழைகள் குறைந்துகொண்டு போனால் சந்தோசப்படாதீர்கள், தங்கச்சி.

இதை நான் ஆய்வில் படித்து அறியவில்லை. மீள்குடியேற்றம் நடந்த காலத்தில் நானும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தேன். எங்கள் இணைப்பாளர் கெட்டிக்காரர், இரவு பகல் பாராமல் உழைப்பவர், ஆனால் அவர் ஏசத் தொடங்கினால் யாராலும் தாங்க ஏலாது. வீட்டுத்திட்டப் பயனாளிகள் பட்டியலைத் தட்டச்சுச் செய்த பொடியன் ஒரு பெயரைத் தவறவிட்டுவிட்டான். பட்டியல் போவதற்கு முதல்நாள் பின்னேரமே அவனுக்கு அது தெரியும். சொல்லவில்லை. அந்த அம்மா இரண்டு பிள்ளைகளோடு அந்த மாரி முழுக்கத் தறப்பாளுக்குக் கீழே இருந்தார். மாதங்கள் கழித்து ஆவணங்களை எல்லாம் ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு அலுவலக வாசலில் வந்து நின்றபோதுதான் எங்களுக்கு விசயம் தெரிந்தது.

இணைப்பாளர் அவனை வேலையால் நிறுத்தினார். நான் பக்கத்து மேசையில் இருந்தவள். பட்டியல் போவதற்கு முதல்நாள் பின்னேரம் அவன் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்ததைக் கண்டேன். தேத்தண்ணிக்கு வரவில்லை. என்னடா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனேன்.

எங்கள் கமக்காரர் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். சிறுபோக நெல் விதைப்புக்கு இரணைமடுக் குளத்தில் இருக்கிற தண்ணீர் எல்லாக் காணிக்கும் காணாது. இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் என்று கணக்குப் பார்த்து, அதைப் பங்கு போட வேண்டும். வாய்க்காலின் கடைசியில் காணி உள்ளவர் கத்துவார், தலைப்பில் உள்ளவர் எழும்பிப் பதில் கத்துவார். போன வருசம் என் பயிர் கருகினபோது நீ எங்கே நின்றாய் என்று ஒருவர் கேட்டார், கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. ஒருவரும் அவரை முகம் கழுவச் சொல்லவில்லை. தலைப்புக் காணிக்காரர் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மதகு பூட்டாமல் கிடந்த இரண்டு இரவுகளைப் பற்றித் தானாகவே சொன்னார். எந்த அறிக்கையிலும் இல்லாத விசயம் அது. கூட்டம் முடிய இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனார்கள்.

உங்கள் பொறுப்பும் லேசானதல்ல, தெரியும். மேலே இருந்து அறிக்கை கேட்பார்கள், கீழே ஏழு முகங்கள். நீங்களும் அந்த 2009 ஐக் கடந்துதான் வந்திருப்பீர்கள். உங்களை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் முதலில் கேட்க வேண்டியது நீங்கள்தான்.

திங்கட்கிழமை அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள், உங்கள் மேசைக்கும் கூப்பிடாதீர்கள். களத்துக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். திரும்பி வரும் வழியில் கேளுங்கள். அவள் சொன்னதை எனக்கு எழுத வேண்டாம், அது அவளுடையது. கேட்டேன் என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா