தாய்ப்பாலில் சத்து இல்லையா?

கேள்வி: மகளுக்கு மூன்று மாதம், தாய்ப்பால் மட்டும்தான். போன வாரம் வலிப்பு வந்தது. ரத்தத்தில் கால்சியமும் வைட்டமின் டி-யும் குறைவு என்று கால்சியம் ஏற்றி, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். "உன் பாலில் சத்தில்லை, பவுடர் பாலுக்கு மாத்து" என்கிறார் மாமியார். தினமும் காலை 7 மணிக்கு ஜன்னலோரம் வெயில் காட்டினேனே?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: பாலை நிறுத்தாதீர்கள். உங்கள் பாலில் குழந்தைக்கு வேண்டிய கால்சியம் இருக்கிறது. அதைக் குடல் உறிஞ்சிக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். அது மட்டும் எந்தத் தாயின் பாலிலும் மிகக் குறைவு. லிட்டருக்கு 100 யூனிட்கூடத் தேறாது. குழந்தைக்குத் தேவை நாளொன்றுக்கு 400 யூனிட். கர்ப்பத்தில் உங்களுக்கே குறைவாக இருந்திருந்தால், பிறக்கும்போதே அவளிடம் கையிருப்பு இருந்திருக்காது. நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாமியாரிடமும் இதைச் சொல்லுங்கள். உங்கள் மேல் தவறில்லை.

வைட்டமின் டி-யை உண்டாக்கும் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. காலை 7 மணி வெயிலிலும் அது மிகக் குறைவு. அதற்காக உச்சி வெயிலில் பிள்ளையைக் கிடத்திவிடாதீர்கள், தோல் தாங்காது. சொட்டு மருந்துதான் வழி.

அதில் கவனம் தேவை. ஒரு பாட்டிலில் 1 மி.லி.க்கு 400 யூனிட், இன்னொன்றில் 800. கடைக்காரர் பிராண்டை மாற்றிக் கொடுத்தால் அளவும் மாறும். எத்தனை யூனிட், எத்தனை மி.லி. என்று இரண்டையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். இப்போது சிகிச்சை அளவு என்பதால், வழக்கமாக தினம் 2,000 யூனிட் மூன்று மாதம், கூடவே கால்சியம் சிரப் என்று எழுதியிருப்பார்கள். பிறகு ஒரு வயது வரை 400. கால்சியம் சிரப்பை மட்டும் கொடுத்துவிட்டு சொட்டு மருந்தை விட்டால் பலனில்லை. பெரியவர்களுக்கான 60,000 யூனிட் பாக்கெட்டை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. அது குழந்தையின் 150 நாள் அளவு. கால்சியம் எகிறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரும்.

பசும்பாலும் வேண்டாம். அதிலுள்ள அதிகப் பாஸ்பேட் கால்சியத்தை இன்னும் இறக்கிவிடும்.

மறுபடி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர், கையில் சாவிக்கொத்து எதுவும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். வலிப்பு இல்லாமல் கை கால் நடுக்கம், பால் குடிக்கையில் மூச்சுவாங்கல், வியர்வை இருந்தாலும் அன்றே காட்டுங்கள். கால்சியக் குறைவு இதயத்தையும் தளர்த்தும்.