ஏழைகளுக்கு வீடு என்றால் ஊருக்கு வெளியே அடுக்குமாடிதானா? சென்னை வேறு எதையாவது முயன்று பார்த்ததா?

பார்த்தது. நான் வளர்ந்ததே அந்த முயற்சிக்குள்தான். அரும்பாக்கம் எம்.எம்.டி.ஏ. காலனி. (எம்.எம்.டி.ஏ. என்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அந்தக் காலத்து ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம்.)

இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் மெட்ரோவும் கடைத்தெருவும்தான் பலருக்கு நினைவு வரும். ஒரு தெருவில் கார் நிற்கும் வீடு, அதற்கு நாலு தெரு தள்ளி ஒன்றோடொன்று முதுகு உரசி நிற்கும் ஒல்லி வீடுகள். தானாக வளர்ந்த ஊர் என்று நினைப்பார்கள். அத்தனையும் வரைபடத்தில் போட்டுச் செய்தது.

1977-ல் உலக வங்கிக் கடனோடு சென்னைக்கு ஒரு நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் என்று மூன்று இடம். 'சைட்ஸ் அண்ட் சர்வீசஸ்' என்று அதற்குப் பெயர். அரசாங்கம் முழு வீடு கட்டித் தராது. மனை பிரித்து, ரோடு, தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு போட்டுத் தரும். சின்ன மனைகளில் கூடவே ஒரு கக்கூஸும் அஸ்திவாரமும் இருக்கும், அல்லது ஒரு சிறு அறை. மற்றதை உன் கையில் காசு வரும்போது நீயே கட்டிக்கொள். முகப்பேர் போன்ற இடங்களுக்கும் பிறகு இதே முறை போனது.

இதில் இருந்த சூட்சுமம் கணக்கில்தான். மொத்த மனையும் ஏழைகளுக்கு இல்லை. நடுத்தர வர்க்கத்துக்கும் வசதியானவர்களுக்கும் பெரிய மனை, மெயின் ரோட்டை ஒட்டிக் கடை மனை. அவற்றை நல்ல விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சின்ன மனையின் விலையைக் குறைத்தார்கள். எங்கள் வகுப்பில் பேங்க் அதிகாரி மகனும் ரிக்‌ஷாக்காரர் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததற்கு அந்தக் கணக்குதான் காரணம் என்று வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

எங்கள் மனை 40 சதுர மீட்டர். கால் கிரவுண்டுகூட வராது. அப்பா அம்பத்தூரில் லேத் பட்டறையில் ஃபிட்டர், சூளைமேட்டில் ஒண்டுக்குடித்தனம். குலுக்கலில் பெயர் விழுந்ததும் அம்மா போய்ப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே திரும்பினார். நூறடி ரோட்டுப் பக்கம் வெறும் பொட்டல், நடுவில் வரிசையாகக் கக்கூஸ் மட்டும் நிற்கிறது, வீட்டைக் காணோம்! பாட்டி இதைக் கல்யாணம் காதுகுத்து என்று ஒரு விசேஷம் விடாமல் சொல்லிச் சிரிப்பார்.

முதலில் ஓலைக் கொட்டகை. ரெண்டு வருடத்தில் செங்கல் சுவர், மேலே சிமென்ட் ஷீட். தவணையை மாதாமாதம் கட்டவேண்டும், முழுக்கக் கட்டி முடித்த பிறகுதான் கிரயப் பத்திரம் என்ற ஏற்பாடு. அதனால் சுவர் மெதுவாகத்தான் ஏறியது. அம்மா சீட்டு எடுத்த வருடம் தளம் போட்டோம். அக்கா கல்யாணத்துக்கு முன்னால் முன்பக்கம் ஒரு கடை எடுத்து டெய்லருக்கு விட்டோம். 1996-ல் கோயம்பேடு மார்க்கெட் திறந்தது, 2002-ல் பஸ் நிலையம் வந்தது. வாடகைக்கு ஆள் வரிசை கட்டியதும் மாடி எழும்பியது. 2015-ல் மெட்ரோ. ஆக, வீட்டை நாங்கள் கட்டினோம், ஆனால் அதன் மதிப்பைச் சுற்றிலும் அரசாங்கம் போட்ட முதலீடுதான் கட்டியது. வீடு வேறு, பேட்டை வேறு என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

இப்போது இன்னொரு பக்கம். குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நாலு மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். ஜனங்கள் வாயில் அது 'ஹவுசிங் போர்டு'. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்ற வாசகத்தோடு அந்தக் கட்டடங்கள் இன்றும் நகரத்துக்குள் நிற்கின்றன. பழுதாகிக் கிடந்தாலும் அங்கே இருப்பவர்கள் இடத்தை விட்டு நகர மாட்டார்கள். 2000 வாக்கில் கதை மாறியது. கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். 2005-ல் வந்த மத்திய அரசின் நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் பெரும்பாலும் கட்டிமுடித்த வீட்டுக்கே பணம் தந்தது. மலிவாக நிலம் கிடைத்த இடம் பழைய மகாபலிபுரம் ரோட்டுப் பக்கம். கண்ணகி நகரில் 15,000-க்கு மேல் வீடு, பெரும்பாக்கத்தில் 20,000-க்கு மேல், அதுவும் எட்டு அடுக்கு. எல்லோரும் ஒரே மாதிரி ஏழை, எல்லோரும் வேலையை விட்டு 20, 25 கிலோமீட்டர் தள்ளி. வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

எங்கள் தெருவில் மீன் கூடையோடு வரும் அக்கா ஒருவர் கூவக்கரையில் இருந்தார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வீடு நல்ல வீடுதான் என்று அவரே சொல்வார்: உள்ளேயே கக்கூஸ், மழைக்குப் பயமில்லை. "ஆனா ஆறாவது மாடில நான் யாருக்கு மீன் விக்கிறது, நீயே சொல்லு கண்ணு?" எங்கள் வீட்டை ஓலையிலிருந்து மாடியாக்கிய அந்த முன்பக்கக் கடை, அந்தக் கூடுதல் அறை, அதற்கு அடுக்குமாடியில் இடமே கிடையாது. கொடுத்த அன்று எவ்வளவு பெரிய வீடோ அவ்வளவுதான், கடைசி வரைக்கும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதால்தான் அவர் இன்னும் இந்தப் பக்கம் வருகிறார்.

சரி, எம்.எம்.டி.ஏ. காலனி சொர்க்கமா என்றால், இல்லை. பல வருடம் மனைகள் காலியாகக் கிடந்தன. இந்த மாதிரித் திட்டம் தோல்வி என்று எழுதியே வைத்துவிட்டார்கள். இருபது வருடம் கழித்துச் சென்னையையும் மும்பையையும் திரும்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2018-ல் வந்தது. தோல்வி என்று நாம் நினைத்தது வெற்றியோ என்று அதில் கேட்டார்கள். நாற்றங்காலைப் பார்த்துவிட்டு விளைச்சல் இல்லை என்று சொன்ன கதைதான். இன்னொரு குற்றச்சாட்டு, ஏழைகள் மனையை விற்றுவிட்டுப் போனார்கள் என்பது. உண்மைதான். எங்கள் வரிசையில் முதலில் மனை வாங்கியவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. சிலர் மகள் கல்யாணத்துக்கு விற்றார்கள், ஒருவர் குடித்தே தீர்த்தார். ஆனாலும் விற்றவர் கையில் விலையாவது வந்தது. அதைப் பணக்காரன் செய்தால் முதலீடு என்கிறோம்.

இன்றைக்கு அரும்பாக்கத்தில் அப்படி மனை பிரிக்க நிலம் இல்லை. ஆனால் இரண்டாம் கட்ட மெட்ரோ போகும் மாதவரம் பக்கமெல்லாம் ரயில் ஓடுவதற்கு முன்பே இடம் எடுத்து, பெரிய மனையும் சின்ன மனையும் கலந்து பிரிக்கலாம் என்பது என் கட்சி. ரயில் வந்த பிறகு நிலத்துக்கு அலைந்தால் மறுபடியும் பெரும்பாக்கம்தான்.

போன மாதம் எங்கள் மாடி அறை காலியானது. வாடகை 8,000. முதலில் வந்து கேட்டவர் அந்த மீன்கார அக்காதான். அம்மா 6,000 என்று இறங்கிச் சொல்லிப் பார்த்தார். அக்கா கூடையை இறக்காமலே கொஞ்ச நேரம் நின்று மாடியைப் பார்த்தார். "வேணாம்மா, கட்டுப்படியாகாது" என்றார். கால் கிலோ நெத்திலி நிறுத்துக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்.