இரட்சிக்கப்பட்டு ஆறு வருஷம் ஆகியும் விசுவாசத்தில் வளரவில்லையோ என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறேன், வேதமும் வாசிக்கிறேன், ஆனாலும் அதே கோபம், அதே பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களை உறுத்துகிறதே, நல்ல அடையாளம். எனக்கு ரொம்ப வருஷம் அந்த உறுத்தலே வரவில்லை.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். கன்று நட்டு ஐந்தாறு வருஷம் காத்திருக்க வேண்டும். ஆனாலும் வருஷத்தை எண்ணி உளி வைக்க மாட்டார்கள். மரத்தைச் சுற்றி நாடா பிடித்துப் பார்ப்பார்கள். சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்தால்தான் வெட்டு. ஒரே நாளில் நட்ட நிரையிலேயே சில மரம் தேறும், சில மரம் தேறாது.

எபிரெயர் ஐந்தாம் அதிகாரத்தில் "காலத்தைப் பார்த்தால், போதகராயிருக்கவேண்டிய உங்களுக்கு" என்று வாசிக்கும்போதெல்லாம் அந்த நாடாதான் ஞாபகம் வரும். இத்தனை காலம் ஆகியும் பலமான ஆகாரம் இல்லாமல் குழந்தைபோலப் பால்தானா என்று கேட்கிறது அந்த வசனம்.

அப்பா இறந்தபின், தோட்டத் தொழிலாளருக்கான லயத்து வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த பணத்தில் எனக்கும் தம்பிக்கும் தகராறு. இரண்டு வருஷம் பேச்சில்லை. அந்த இரண்டு வருஷமும் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நான்தான் நடத்தினேன். கண்ணீரோடு ஜெபிப்பேன், எல்லாரும் ஆமென் சொல்வார்கள். ஒருநாள் ஜெபம் முடிந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் பால் வெட்டிய பாட்டி ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாது, வசனமெல்லாம் காதால் கேட்டே மனப்பாடம், என் கையிலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "ஏய்யா, தம்பி வீட்டுக்குப் போனியா?" என்றார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5:24ஐ நானே எத்தனை தடவை எடுத்துப் பேசியிருக்கிறேன்!

கொரிந்து சபையைப் பாருங்கள். ஒரு வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் சொல்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் அவர்களையே குழந்தைகள் என்கிறார். காரணம் பொறாமையும் வாக்குவாதமும். அதனால் அழகான ஜெபத்தையும் சபைப் பொறுப்பையும் வைத்து அளக்காதீர்கள். வீட்டில் எதிர்த்துப் பேசுகிறவரிடம் உங்கள் வாய் எப்படி இருக்கிறது? கலாத்தியர் 5இல் சொல்லும் நீடிய பொறுமையும் சாந்தமும் இச்சையடக்கமும் அங்கேதான் தெரியவரும்.

சரி, வளர என்ன வழி? ஒரு நாளைக்கு வேதத்தில் நாலு அதிகாரம் ஓட்டுவதைவிடப் பத்து வசனம் போதும். அதில் இன்றைக்குச் செய்யவேண்டியது ஒன்று கண்ணில் பட்டால், அதைச் செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நன்மை தீமையைப் பகுத்தறிவது பயிற்சியால் வருவது என்று அதே எபிரெயர் அதிகாரம் சொல்கிறது. அப்புறம், அந்தப் பாட்டி மாதிரி முகத்துக்கு நேரே கேட்கிற ஒருவர் கட்டாயம் வேண்டும். கோபம் மறுபடியும் வரும். வந்ததும் 'எனக்குக் கிருபையே இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்க எடுத்துக்கொள்ளும் நாள் குறைகிறதா என்று பாருங்கள். எனக்கு அந்தத் தடவை இரண்டு வருஷம் ஆனது.

பாட்டி கேட்ட அன்று ராத்திரியே தம்பி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த தம்பி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் தே ஓ, பால் இல்லாத தேநீர், கலக்கிக்கொண்டு வந்தான். பணக் கணக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் அம்மாவை மாதாமாதம் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கூட்டிப் போகிறான். திரும்பும்போது என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான்.